சைலன்சருக்கு நான் எழுதிக் கொடுத்த தாள்

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது, எனக்கு எதிரே இருந்தவர் பத்திரிகையில் வாசித்த ஒரு செய்தியைப் பற்றிப் பேச்செடுத்தார். வேட்டைத் துவக்கின் நுனியில், வெடிச் சத்தத்தைக் குறைக்கப் பூட்டுகிற சைலன்சரை ஆயுதப் பட்டியலில் இருந்து எடுத்துவிட வேண்டும், அது வெறும் துணைச்சாமான் என்று ஒரு பக்கம் கேட்கிறதாம். எடுத்தால் கள்ளனுக்கும் கொலைகாரனுக்கும்தான் வசதி என்று மறுபக்கம் சொல்கிறதாம். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, உங்களுக்கும் உந்தச் சாமானுக்கும் ஏதோ தொடர்பு இருந்ததெண்டு கேள்விப்பட்டன். நீங்கள் காது மெசின் குடுக்கிற ஆள் எல்லோ? அதுக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம்?"

மேசையில் இருந்த எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். "சம்பந்தம் இருந்தது. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்று சொல்லி அன்றைக்குத் தப்பிவிட்டேன். ஆனால் எங்கள் சனத்தைத் தெரியும்தானே. நான் சொல்லாமல் விட்டால் அடுத்த கலியாண வீட்டுக்கிடையில் நான் துவக்கு வியாபாரம் செய்ததாகக் கதை வந்துவிடும். அதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

நான் ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில், ஒரே கடையில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவன். சனத்தின் காதை அளந்து, அதற்குப் பொருத்தமான கருவியைச் செய்து பூட்டுவது என் தொழில். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்த முதல் வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் கழுவிய கோப்பைகளைத்தான் நானும் கழுவினேன். விசா கொஞ்சம் உறுதியானதும் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்ய இடம் தேடினேன். முப்பத்துமூன்று வயதில், மீசை அரும்பாத பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து காதின் எலும்புகளுக்கு டொச் என்கிற ஜெர்மன் மொழியில் பெயர் பாடமாக்கினேன். மூன்று வருடம் போனது தெரியவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே தெரிந்தது.

கடையின் முதலாளி திருமதி பிரிங்க்மான். இந்தத் தொழிலில் மைஸ்டர் பட்டம் எடுத்தவர். உயரமான, மெலிந்த மனிசி. பிழை கண்டால் சத்தம் போட மாட்டார். நான் எழுதிய தாளை மேசையில் வைத்து, இரண்டு விரலால் என் பக்கம் தள்ளுவார். அவ்வளவுதான். எங்கே பிழை என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். சில நாட்களில் ஒரே தாள் மூன்று தடவை தள்ளப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு விரலுக்குப் பயந்தே நான் தொழில் படித்தேன்.

காது அளக்கும் அறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு. கதவைச் சாத்தினால் சொந்த மூச்சு கேட்கும். வந்தவர் முதலில் இருக்க வேண்டும், பிறகுதான் நாங்கள் இருக்கலாம். காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு ஹெட்போன்: சிவப்புப் பக்கம் வலது காதுக்கு, நீலப் பக்கம் இடது காதுக்கு. கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கத் தொடங்கிய உடனே அதை அழுத்த வேண்டும். தாழ்ந்த தொனியில் இருந்து உச்சத் தொனி வரை ஒவ்வொன்றாக வைத்து, கேட்ட இடத்தில் புள்ளி போட்டு, புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வளைகோடு வரும். கோடு மேலே ஓடினால் காது நல்லது. கீழே விழ விழப் பழுது.

பொத்தானைக் கையில் கொடுக்க முன் மூன்று விசயம் விசாரிக்க வேண்டும். காதில் இரைச்சல் உண்டா? தலை சுற்றுகிறதா? கடைசியாகப் பெரிய சத்தத்துக்குள் இருந்தது எப்போது? மூன்றாவதுதான் திருமதி பிரிங்க்மானுக்கு உயிர். பெரிய சத்தம் ஒன்றுக்குப் பிறகு காது சில மணி நேரம், சிலருக்கு ஒன்றிரண்டு நாள், மந்தமாக இருக்கும். பிறகு தெளியும். மந்தமாக இருக்கும்போது அளந்தால் வளைகோடு இல்லாத பழுதையும் காட்டும். அதனால் தாளில் அதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது. "அந்தப் பெட்டி காலியாக இருந்தால் மற்றதெல்லாம் வெறும் படம், ஹெர் குணா" என்பார். குணரட்ணம் என்று முழுதாகச் சொல்லிப் பார்த்து, இரண்டாம் நாளே கைவிட்டவர் அவர்.

எங்கள் ஆட்கள் கடைக்கு வரத் தொடங்கியதும் எனக்குப் புதுச் சோதனை வந்தது. கெல்சென்கிர்ச்சனில் இருந்து ஒரு அம்மா, தமிழ் ஆள் ஒருவர் காது பார்க்கிறாராம் என்று கேள்விப்பட்டு, ரயில் ஏறி வந்தார். மகள் சொன்னபடி பார்த்தால் அவருக்கு வாசல்மணியே கேட்காது. வளைகோடோ இருபது வயதுப் பெட்டையின் காது மாதிரி மேலே ஓடியது. சந்தேகப்பட்டு, ஒரு சத்தமும் வைக்காமல் சும்மா இருந்து பார்த்தேன். அம்மா பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"அம்மா, நான் இப்ப ஒண்டும் வைக்கேல்லையே" என்றேன்.

"ஓம் தம்பி, தெரியும். நீர் இவ்வளவு மினக்கெட்டு இருக்கிறீர். கேக்கேல்லை எண்டு சொன்னால் உமக்கு மனம் நோகாதே?"

அன்றில் இருந்து எங்கள் ஆட்களுக்கு இடைக்கிடை வெறுமையாக விட்டு அளக்கப் பழகினேன். திருமதி பிரிங்க்மானுக்கு இதைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. பிறகு அவரும் தன்னுடைய கிழவர்கள் சிலரிடம் செய்து பார்த்துவிட்டு, தமிழர்கள் மட்டுமில்லை என்று வந்து சொன்னார்.

இன்னொரு சண்டையும் அந்தக் கடையில்தான் பழகினேன். காதுக் கருவியை மருத்துவக் காப்புறுதி 'உதவிக் கருவி' என்று எழுதும். அதோடு சேர்த்து வகுப்பறையில் ஆசிரியர் சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று உண்டு. அதை 'துணைச்சாமான்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடும். அந்த மைக் இல்லாமல் பிள்ளைக்குப் பாடம் கேட்காது. ஆனால் கடுதாசியில் அது ஒரு அலங்காரப் பொருள். எந்தச் சாமான் எந்த வரிசையில் நிற்கிறது என்பதில் ஒரு ஆளின் வாழ்க்கையே தொங்கும் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஒரு துவக்குச் சாமானுக்கும் அதே கதை இருக்கும் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை.

இனி திருமதி ஹோல்ட்காம்பின் விசயம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது. அவர் காட்டிலாகாவில் வேலை. நாற்பது வயது இருக்கும். நகரத்துக்கு மேலே உள்ள காட்டின் ஒரு பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. மரம் நடுவது, குறிப்பது, வெட்டுவிப்பது எல்லாம் அவர் வேலை. நட்ட கன்றுகளை மான்கள் தின்று தீர்க்காமல் மான்களின் தொகையைக் குறைப்பதும் அதே வேலையில் அடக்கம். அதற்குத் துவக்கு வேண்டும். கூட்டத்தில் ஆட்கள் பேசுவது பிடிபடவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னிடம் வந்தார்.

எனக்குத் துவக்கு என்றால் ஆகாது. அதை ஒளிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் துவக்கோடு வந்தவர்கள் உடுப்பை மாற்றி மாற்றி வந்தார்கள். எல்லோரும் என்னைச் சுவரோடு நிற்கத்தான் சொன்னார்கள். ஜெர்மனிக்கு வந்தபிறகு சந்தையில் பிள்ளைகள் சுடுகிற தக்கைத் துவக்குக் கடையைக் கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன். பஞ்சு வைத்த அந்தச் சின்ன அறைக்குள் அந்தச் சொல் வருவதை நான் விரும்பவில்லை. காதில் இரைச்சல் உண்டா என்று விசாரித்தேன். தலை சுற்றுகிறதா என்று விசாரித்தேன். மூன்றாவதுக்கு வந்ததும், விசாரித்தால் துவக்குக் கதைதான் வரும் என்று தெரிந்தது. பெட்டியில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு ஹெட்போனை எடுத்தேன். எங்கள் தாளில் அந்தக் கோட்டுக்கு 'அப்படி ஒன்றும் இல்லை' என்று பொருள். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

இடது காதின் வளைகோட்டில், உச்சத் தொனிப் பக்கம், ஒரு கிடங்கு, நல்ல ஆழமான பள்ளம், விழுந்திருந்தது. வலது தோளில் துவக்கை வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் குழல் பக்கம் திரும்பி நிற்கும். அடி முழுக்க அதற்குத்தான். தாளின் பிரதி ஒன்று கேட்டார். கொடுத்தேன்.

அந்தப் பிரதி எங்கே போனது என்று ஆறு வாரத்துக்குப் பிறகு அவரே கடைக்கு வந்து சொன்னபோது தெரிந்தது. அவர் துவக்குக்கு ஒரு சைலன்சர் வாங்க அனுமதி கேட்டு ஆயுத அனுமதி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். காது டொக்டர் ஒன்றரை வருடத்துக்கு முன் எடுத்த வளைகோட்டையும் என்னுடையதையும் இணைத்திருந்தார். காதுக்குக் காப்புப் போட்டும் ஒன்றரை வருடத்தில் இவ்வளவு கீழே போய்விட்டது என்பதுதான் அவருடைய வாதம். அலுவலகம் பதில் போட்டிருந்தது. சட்டத்தின்படி சைலன்சர் எந்தத் துவக்குக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் துவக்குக்குச் சமம், அது தலைக்கவசம் போல ஒரு பாதுகாப்புச் சாமான் இல்லை, ஆகவே கட்டாயத் தேவையை நிரூபிக்க வேண்டும், காதை மூடுகிற காப்புகள் கடையில் இருக்கின்றன, மறுக்க உத்தேசித்திருக்கிறோம், அதற்கு முன் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். நேரில் வந்து பேச ஒரு டெர்மினும் கொடுத்திருந்தார்கள், இரண்டு வாரம் கழித்து.

"வேலைத்தல டொக்டர் எனக்கு இன்னும் ஒரு பரிசோதனைதான் தந்திருக்கிறார்" என்றார் திருமதி ஹோல்ட்காம்ப். "அதிலும் காது கீழே போயிருந்தால் என்னைக் காட்டில் இருந்து எடுத்து மேசையில் இருத்திவிடுவார்கள். நீங்கள் என்னோடு வந்து இந்த வளைகோட்டை அவர்களுக்கு விளக்க வேண்டும், ஹெர் குணா."

வருகிறேன் என்றேன். அவருக்கு நிம்மதி. கதவடியில் நின்று சிரித்துக்கொண்டு, "அன்றைக்குச் சுடும் தளத்தில் பயிற்சி முடித்து நேரே உங்களிடம் வந்தேன். கை கழுவக்கூட நேரம் இல்லை. வெடிமருந்து மணத்துக்கு நீங்கள் முகத்தைச் சுளித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றார்.

அவர் போனபின் தாளை எடுத்துப் பார்த்தேன். பெட்டியில் என் கோடு இருந்தது. மந்தமான காதை அளந்து, மந்தம் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு மனிசியின் முழு வாதமும் அதன்மேல் நிற்கிறது.

அது ஒரு சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிடும்போது மனைவி மாலினி என் முகத்தைப் பார்த்துவிட்டு விசயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

"இப்ப சொன்னால் அந்த மனிசிக்குத்தான் நட்டம் எண்டுறியளோ?" என்று கேட்டாள்.

"ஓம். சொல்லாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியவராது. அவவுக்கு அனுமதியும் கிடைச்சாலும் கிடைக்கும்."

"உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் இனி ஒருத்தற்ற காதையும் நிம்மதியா அளக்க மாட்டியள். எனக்குத்தான் வீட்டில இருந்து உந்த முகத்தைப் பாக்க ஏலாது. திங்கட்கிழமை போய்ச் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை கடை திறக்க முன்னமே தாளைக் கொண்டுபோய்த் திருமதி பிரிங்க்மானின் மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார். பெட்டிக்கு வந்ததும் கண் நின்றது. ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக எங்கள் ஒழுங்கையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். சுவரைப் பற்றிச் சொன்னேன். டொச் மொழியில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. தமிழில் அதைச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. வாசலில் முதல் வாடிக்கையாளர் வந்து நின்றார். திருமதி பிரிங்க்மான் எழுந்து போய், கால் மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்து இருந்தார்.

நான் முடித்ததும் அவர் தாளைத் தள்ளவில்லை. தொலைபேசியைத்தான் என் பக்கம் தள்ளினார். "அவரிடம் இப்போது விசாரியுங்கள்" என்றார்.

திருமதி ஹோல்ட்காம்பை அழைத்து எல்லாம் சொன்னேன். மறுபக்கத்தில் காற்று கேட்டது, அவர் காட்டில் நின்றிருக்கிறார். பிறகு, "என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான்" என்றார். "நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றேன். "காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வாருங்கள், மறுபடி அளப்போம். நான் என் பிழையை எழுதித் தருகிறேன்."

"அளந்து கோடு மேலே வந்தால்?"

"வந்தபடிதான் எழுதுவேன்" என்றேன்.

அவர் நேர்மையான மனிசி. டெர்மினுக்கு முந்திய ஒன்பது நாளும் துவக்கைத் தொடவில்லை. மரம் வெட்டும் இயந்திரத்தின் பக்கமும் போகவில்லை. சாயப்பெட்டியோடு நடந்து மரங்களுக்குக் குறி போட்டாராம். பத்தாம் நாள் காலையில் வந்தார். மூன்றையும் விசாரித்தேன், பெட்டியை நிரப்பினேன், அளந்தேன். கிடங்கு பெரும்பாலும் நிரம்பிவிட்டது. டொக்டரின் பழைய வளைகோட்டுக்குக் கிட்ட வந்து நின்றது. ஒரு சின்னப் பள்ளம் மட்டும் மிச்சம்.

"உங்கள் காது நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது" என்று சொன்னேன். இந்தச் செய்தியைக் கேட்டு ஒருவர் என் முன்னால் அழுதது அந்த ஒரு தடவைதான். சந்தோசப்படுவதா, வாதம் போய்விட்டது என்று வருத்தப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று மத்தியானமே டெர்மின். அலுவலகத்தில் எங்களை இருத்தியவர் ஹெர் வேபர் என்ற ஒரு அதிகாரி. மெதுவாகப் பேசுகிற, ஒவ்வொரு கடுதாசியையும் விளிம்புக்கு விளிம்பு ஒட்டி அடுக்குகிற ஆள். அலுமாரியில் இருந்து ஒரு கறுப்புக் குழாயை எடுத்து மேசையில் வைத்தார். யாரிடமோ பறிமுதல் செய்த சைலன்சர். தூக்கிப் பார்க்கச் சொன்னார். கை கூசியது, ஆனாலும் தூக்கினேன். ஒரு தேத்தண்ணிக் குவளையின் பாரம்தான் இருக்கும்.

"இதைக் கொண்டு ஒருவரையும் சுட முடியாது" என்றார். "ஆனாலும் சட்டத்தில் இது துவக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுட்டவன் எங்கே நின்றான் என்று தெரியாமல் செய்ய உதவும் என்பதால் நிற்கிறது. அந்த வரிசையை நான் மாற்ற முடியாது. ஒரு ஆளுக்கு உண்மையில் தேவை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும்."

காப்புறுதியோடு மைக்குக்காக இருபது வருடம் மல்லுக்கட்டிய பழக்கத்தில், வரிசை மாறினால் சாமானின் வேலையும் மாறிவிடுமா என்று கேட்டுவிட்டேன். ஹெர் வேபர் கோபப்படவில்லை. "இல்லை. என் வேலைதான் மாறும்" என்றார்.

பிறகு நான் என் கடிதத்தைக் கொடுத்தேன். இன்ன திகதியில் நான் எடுத்த வளைகோடு செல்லாது, சத்தத்தைப் பற்றி விசாரிக்காமலே இல்லை என்று எழுதினேன், அன்று அவர் சுடும் தளத்தில் இருந்து நேரே வந்திருந்தார், சரியான வளைகோடு இதோ. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஹெர் வேபர் இரண்டு தடவை வாசித்தார். திருமதி ஹோல்ட்காம்ப் மடியில் இருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஹெர் வேபர் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். மேலே ஒரு கோடு, கீழே கிடங்கோடு ஒரு கோடு.

"ஒரே காது," என்றார். "ஒரே ஆள் அளந்தது, ஒரே கருவி. அன்று சுடும் தளத்தில் காதுக்கு என்ன போட்டிருந்தீர்கள், ஃபிராவ் ஹோல்ட்காம்ப்?"

"உள்ளே பஞ்சடைப்பு, அதற்கு மேலே மூடுகிற காப்பு. எப்போதும் இரண்டும் போடுவேன்."

"இரண்டும்," என்று ஹெர் வேபர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அதாவது, கடையில் இருக்கின்றன என்று நாங்கள் எழுதிய காப்புகள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சுட்டும், உங்கள் காது இவ்வளவு தூரம் கீழே போயிருக்கிறது." விரலால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தடவினார். "இது தெளிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் தெளியுமா?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "இல்லை" என்றேன். "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். அந்தச் சின்னப் பள்ளம் அப்படித் தங்கியதுதான்."

இருபது வருடத்துக்கு மேல் வளைகோடு பார்த்த எனக்கு அது தெரியவில்லை. என் பிழையை மறைக்கக்கூடாது என்பதிலேயே நின்றதால், அந்தப் பிழையான தாள் எதைக் காட்டுகிறது என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடுதாசி அடுக்குகிற ஒரு மனிசன் பார்த்தார். பழைய தாளின் பெட்டியில் நான் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் உண்மையை எழுதி, நேரத்தையும் எழுதி, மறுபடி கையெழுத்து வைக்கச் சொன்னார். எழுதி, கையெழுத்து வைத்தேன். என் தாளை மட்டும் நம்பித் தீர்மானிக்க முடியாது என்றும் சொன்னார். காது டொக்டர் அதே மாதிரி ஒரு தடவை சுட்டுவிட்டு வந்த கையோடும், ஒரு தடவை ஓய்வுக்குப் பிறகும் அளக்க வேண்டும். அது சரியான பேச்சு. டொக்டர் அளந்தார். அதே இடைவெளி வந்தது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அனுமதி வந்தது. ஒரு துவக்குக்கு மட்டும், காட்டு வேலைக்கு மட்டும், வேலை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனைகள். திருமதி பிரிங்க்மான் அந்தக் கடிதத்தின் பிரதியை வாசித்துவிட்டு, எனக்குக் கோப்பி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கோப்பி ஊற்றியது அன்றுதான். பிறகு சில வருடத்தில் சட்டமும் இளகி, வேட்டை அனுமதி உள்ளவர்கள் இவ்வளவு அலையாமல் சைலன்சர் வாங்க வழி வந்தது. சாமான் நிற்கிற வரிசை மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் அது துவக்குக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

கலியாண வீட்டில் கேட்டவருக்கு என் பதில் இதுதான். படத்தில் பார்க்கிற மாதிரி அது துவக்கை ஊமையாக்காது. பூட்டிய பிறகும் வெடி வெடிதான், காது கிழிகிற அளவு மட்டும் குறையும். அதைக் கடையில் முட்டை மாதிரி வாங்கலாம் என்று வந்தால் நான் சந்தோசப்பட மாட்டேன். சுவரோடு நின்றவன் அப்படித்தான் நினைப்பான். ஆனால் வரிசையைச் சொல்லி ஒரு ஆளின் காதைப் பார்க்க மறுத்தாலும் எனக்குக் கோபம் வரும். ஹெர் வேபர் வரிசையையும் விடவில்லை, காதையும் விடவில்லை. இரண்டையும் யன்னலில் வைத்துப் பார்த்தார். இப்போது சண்டை பிடிக்கிறவர்களும் ஒருநாள் அப்படிப் பார்ப்பார்கள் என்றுதான் நம்புகிறேன். பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு நானே சாட்சி.

இந்த வசந்தத்தில் திருமதி ஹோல்ட்காம்ப் என்னைக் காட்டுக்கு வரச் சொன்னார். இன்னும் அங்கேதான் வேலை. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தோளில் துவக்கு, நுனியில் அந்தக் கறுப்புக் குழாய். நான் அவருடைய மறுபக்கமாக நடந்தேன். அவர் கவனித்திருப்பார். ஒரு ஊசியிலை மரத்துக்குக் கீழே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதோ, மேலே" என்றார். இந்த நாட்டில் இருக்கிற குருவிகளில் மிகச் சின்னது அங்கே பாடுகிறதாம். காது கெடத் தொடங்கும்போது முதலில் போகிற உச்சத் தொனியில்தான் அது பாடும். காட்டில் வேலை செய்கிறவர்கள் அது கேட்காமல் போகிற வருடத்தை மறக்க மாட்டார்களாம்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று கேட்டது, சப்பாத்துக்குக் கீழே சுள்ளி கேட்டது, தூரத்தில் நெடுஞ்சாலை கேட்டது.

"எனக்குக் கேட்கவில்லை" என்றேன். அறுபத்தேழு வயதுக் காது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர் சிரிக்கவில்லை. அண்ணாந்தபடியே சுட்டுவிரலை உயர்த்தி, அது ஒவ்வொரு தடவை பாடும்போதும் விரலை ஒருமுறை அசைத்துக் காட்டினார். நான் அந்த விரலைப் பார்த்து எண்ணினேன். பத்து வரை எண்ணி நிறுத்தினேன். விரல் அதற்குப் பிறகும் அசைந்துகொண்டே இருந்தது.